கஃப்லிங்க் வாங்கவும் போடவும்: தையற்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் தையற்கடை வைத்திருக்கிறேன். கோட் சூட் தைத்தும் கொடுக்கிறோம், வாடகைக்கும் கொடுக்கிறோம். அப்பாவும் தையற்காரர்தான், கிளிநொச்சியில் கடை வைத்திருந்தவர். முன்பெல்லாம் கஃப்லிங்க் என்று கேட்டு வருபவர் வருடத்துக்கு ஒருவர் இருவர்தான். இப்போது அப்படியில்லை. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் மாமா ஒருவர் மருமகன் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெட்டியோடு மாப்பிள்ளை கடைக்கு ஓடி வருகிறார். "அண்ணை, இதை எதில கொழுவுறது?" அவர் சேர்ட்டில் அதற்கு இடமே இல்லை. அப்படி வருபவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும்தான் கீழே இருக்கின்றன.

கஃப்லிங்க் என்பது என்ன? நகையா, தெறியா?

தெறிதான். நாங்கள் பொத்தானைத் தெறி என்போம். சேர்ட்டில் தைத்து வைக்காத தெறி இது. முழுக்கைச் சேர்ட்டின் முனையில் வரும் பட்டியைக் கஃப் என்கிறோம். அந்தப் பட்டியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பூட்டுவதுதான் இதன் வேலை. பார்க்கவும் அழகாக இருப்பது மேலதிகம்.

ஐரோப்பாவில் முதலில் சேர்ட்டின் கை முனையை நாடாவால் கட்டினார்கள். 17 ஆம் நூற்றாண்டில் நாடாவின் இடத்துக்கு, சின்னச் சங்கிலியால் இணைத்த இரண்டு தெறிகள் வந்தன. இன்றைய கஃப்லிங்க் அதன் வழிவந்ததுதான். இந்த இரண்டு தெறிக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் உதவும்.

என்னிடம் இருக்கிற முழுக்கைச் சேர்ட்டில் போடலாமா?

பெரும்பாலும் முடியாது. கஃப் ஓரத்தில் தெறி தைத்திருந்து மறு ஓரத்தில் ஓட்டை இருந்தால் அது சாதாரணக் கஃப். அதில் லிங்க் போட இடமில்லை. தெறியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஓட்டை போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் ஒற்றைத் துணி தொய்ந்து நிற்கும், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நான் செய்து கொடுப்பதில்லை.

சில ரெடிமேட் சேர்ட்டுகளில் தெறியும் இருக்கும், தெறிக்குப் பக்கத்தில் ஓட்டையும் இருக்கும். இரண்டு விதமாகவும் பூட்டலாம். அவசரத்துக்குப் பரவாயில்லை.

கஃப்லிங்க்குக்கு என்றே தைப்பது டபிள் கஃப். பட்டி இரண்டு மடங்கு நீளமாக இருக்கும். அதை வெளிப்பக்கம் மடித்து, மடித்த ஓரங்களைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். சிலர் பிரெஞ்ச் கஃப் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். மடிக்காத ஒற்றைக் கஃப் ஒன்றும் உண்டு. அது வெள்ளை வில் ரை, வால் கோட் என்று போகும் மிகப் பெரிய விருந்துகளுக்கானது. எங்கள் மண்டபங்களில் அதற்கு வேலை வந்ததை நான் பார்க்கவில்லை.

ஆகவே யாராவது கேட்டால் முதலில் நான் சொல்வது இதைத்தான்: சேர்ட்டைத் தீர்மானியுங்கள், லிங்க்கைப் பிறகு பார்க்கலாம். நல்ல கஃபில் இரண்டு சாதாரணத் தெறியைக் கோத்துப் போட்டாலும் எடுப்பாக இருக்கும். ஓரம் நெளிந்த கஃபில் வைரக்கல் வைத்தாலும் எடுபடாது.

டபிள் கஃப் சேர்ட் தைக்கக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

இதில்தான் பிழை நடப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கஃபில் நாலு ஓட்டை. மடித்த பிறகு நாலும் ஒரே நேரில் வர வேண்டும். மடிப்புக் கோட்டில் இருந்து மேலே உள்ள ஓட்டையும் கீழே உள்ள ஓட்டையும் ஒரே தூரத்தில் இருந்தால்தான் அது நடக்கும். ஓரத்தில் இருந்து அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட உள்ளே வைத்தால் நன்று. ஓரத்துக்குக் கிட்டப் போனால் துணி கிழியும், மிக உள்ளே போனால் ஓரங்கள் மலர்ந்து நிற்கும்.

2013 ஆவணியில் முல்லைத்தீவுப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்குத் தைத்துக் கொடுத்தேன். அன்று ஓட்டை போடும்போது மடித்துப் பார்க்கவில்லை. கால் அங்குலம் விலகிவிட்டது. காலையில் உடுக்கும்போது லிங்க் உள்ளே போகவில்லை என்று அழைப்பு வந்தது. மோட்டார் சைக்கிளில் போய், கஃபின் இரண்டு மடிப்பையும் உள்ளுக்குள் நாலு தையல் போட்டுப் பிடித்து, ஓட்டையை நகவெட்டிக் கத்தரியால் கொஞ்சம் பெருப்பித்து விட்டேன். கோட்டுக்குள் மறைந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த மாப்பிள்ளை இன்றும் என்னிடம்தான் தைக்கிறார். அன்றிலிருந்து கஃபை மடித்து, குண்டூசி குத்தி நேர் பார்த்த பிறகுதான் ஓட்டை போடுகிறேன். உங்கள் தையற்காரரிடமும் "ஓட்டை போட முதல் ஒருக்கா மடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிடுங்கள். கோபிக்க மாட்டார்.

இனி அளவுகள். மடித்த பிறகு கஃபின் உயரம் 3 அங்குலம் அளவில் இருக்கட்டும், அதாவது விரித்தால் 6. பூட்டிய கஃபுக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். மணிக்கூடு கட்டும் கைக்கு அரை அங்குலம் கூட வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மணிக்கூட்டின் மேல் கஃப் போய்த் தங்கிவிடும். கையின் நீளம் பெருவிரல் அடி எலும்பைத் தொட வேண்டும். பருத்தித் துணி என்றால் தைக்க முதல் ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவிடச் சொல்லுங்கள், முதல் துவையலில் சுருங்கும்.

பட்டிக்குள் வைக்கும் கன்வஸ் மெல்லியதாக இருக்கட்டும். விறைப்பாக நிற்க வேண்டும் என்று தடித்த கன்வஸ் வைத்தால், நாலு மடிப்பும் சேர்ந்து மட்டை போல ஆகி, லிங்க்கின் தண்டு மறுபக்கம் வந்து சேராது. லிங்க் ஏற்கெனவே இருந்தால் அளவு கொடுக்க வரும்போது அதையும் கொண்டு வாருங்கள்.

ஆவணியில் கல்யாணம் என்றால் ஆடியிலேயே அளவு கொடுத்துவிடுங்கள். ஆடியில் தையற்கடைகளில் வேலை குறைவு, கவனமாகத் தைக்க நேரம் கிடைக்கும்.

துணி?

பருத்தி. வெள்ளை அல்லது மிக மெல்லிய நீலம். எங்கள் வெயிலுக்கு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வராது. பொலியெஸ்டர் கலந்தது கசங்காது, உண்மைதான். ஆனால் வியர்வையை விடாது, கஃபை அயன் பண்ணினாலும் மடிப்புக் கோடு கூராக நிற்காது. டபிள் கஃபுக்கு அந்தக் கோடுதான் உயிர்.

கடையில் பல விதமான லிங்க் இருக்கின்றன. எதை எடுப்பது?

முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

எல்லாக் கடையிலும் கிடைப்பது, பின்பக்கம் சின்ன ஆணி போல ஒன்று சுழலும் வகை. நேராக வைத்து ஓட்டைக்குள் செலுத்தி, பிறகு குறுக்காகத் திருப்பிவிட வேண்டும். தனி ஆளாகப் போட இதுதான் இலகு. முதல் சோடி வாங்குபவருக்கு இதைத்தான் கொடுப்பேன். வாங்கும்போது அந்த ஆணியைப் பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டக் என்று நிற்க வேண்டும். கொழகொழவென்று ஆடினால் வாங்காதீர்கள், பந்திக்கும் மேடைக்கும் இடையில் எங்கேயாவது விழுந்துவிடும்.

இரண்டு பக்கமும் முகம் உள்ளது சங்கிலி வகை. எனக்கு மிகப் பிடித்தது. உள்ளே பார்த்தாலும் வெளியே பார்த்தாலும் அழகு ஒன்றே. ஆனால் போட இன்னொருவர் வேண்டும்.

அசையாத தண்டும் பின்பக்கம் சின்னக் குமிழும் உள்ளது இன்னொன்று. எந்தப் பாகமும் அசையாததால் கெட்டுப் போக ஒன்றுமில்லை, பேரன் காலம் வரை வரும். உள்ளே நுழைக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பட்டு நூலில் முடிச்சுப் போட்ட வகையும் இருக்கிறது. பாரிசில் சார்வே என்ற சேர்ட் கடை 1904 இல் கொண்டுவந்தது. மலிவு, எடையில்லை, தொலைந்தாலும் மனம் கனக்காது. அலுவலகத்துக்கு நன்றாக இருக்கும், கல்யாண மேடைக்குப் போதாது.

அளவு, ஒன்றரை சென்றிமீற்றரில் இருந்து இரண்டுக்குள். அதற்கு மேல் போனால் கோட்டின் கையில் இடிக்கும்.

வெள்ளி நிறமா, பொன் நிறமா?

கையில் கட்டும் மணிக்கூட்டையும் இடுப்புப் பட்டியின் கொக்கியையும் பாருங்கள். அவை எந்த நிறமோ அதே நிறம். கல்யாண மோதிரம் இந்தக் கணக்கில் வராது, அது எதோடும் போகும். மணிக்கூடு கட்டாதவர் என்றால் வெள்ளி நிறத்தை எடுங்கள். கறுப்பு, நீலம், சாம்பல் எந்தக் கோட்டோடும் ஒத்துப்போகும். மண்ணிறம், கடும் பச்சைக் கோட்டுக்குப் பொன் நிறம் நல்ல எடுப்பு.

வெள்ளி என்று விற்பதில் 925 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். முத்திரை இல்லாததில் பெரும்பாலானவை பித்தளையின் மேல் பூசியவை. அது குற்றமில்லை, வெள்ளி விலை கொடுக்காமல் இருந்தால் சரி. என் அனுபவத்தில் எப்போதும் நல்லதாக வருவது துருப்பிடிக்காத உருக்கு. வியர்வை, தூசி, மழை எதற்கும் அசையாது, விலையும் கைக்கடக்கம்.

தங்கத்தில் செய்விக்கலாமா?

செய்விக்கலாம். தட்டாரிடம் கொடுத்தால் அழகாகச் செய்து தருவார். ஒரு சோடிக்கு ஒரு பவுண், அதாவது 8 கிராம், அல்லது அதற்குக் கொஞ்சம் கூடப் போகும். ஒன்று மட்டும் கேளுங்கள்: 22 கரட் தங்கம் மென்மையானது. சுழலும் ஆணி வகையை அதில் செய்தால் நாளடைவில் தேய்ந்து தொய்ந்துவிடும். அசையாத தண்டு வகையோ சங்கிலி வகையோ செய்விப்பது நல்லது. மாப்பிள்ளைக்கு மோதிரமும் சங்கிலியும் போடும் வீட்டார் அதோடு இதையும் சேர்க்கலாமா என்று கேட்டால், கேட்டவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வருடத்தில் இரண்டு நாள் போடும் பொருளுக்காகப் பெண் வீட்டார் ஒரு பவுண் கூடத் தேடி அலையக் கூடாது.

முத்துச்சிப்பியில் செய்தது நல்லதா? மன்னார்ச் சிப்பியா அது?

நல்லது, மிக நல்லது. வெள்ளைச் சேர்ட்டில் சிப்பியின் பளபளப்பு கண்ணை உறுத்தாது. பகல் கல்யாணத்துக்கும் பொருந்தும், இரவு விருந்துக்கும் பொருந்தும்.

முத்து என்றதும் மன்னார்தான் எங்களுக்கு நினைவில் வரும். சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் உலகத்து வியாபாரிகள் எல்லாம் வந்து கூடாரம் போட்டிருந்த இடம் அது. அரிப்பில் கடல் அரித்து இடிந்து நிற்கிறதே அல்லிராணிக் கோட்டை, அது 1800களின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை. ஆனால் மன்னார்ச் சிப்பியின் ஓடு சின்னது, மெல்லியது. தெறி வெட்ட எடுப்பது வேறு கடல்களில் கிடைக்கும் பெரிய தடித்த சிப்பிகளை.

உண்மைச் சிப்பியா, பிளாஸ்டிக்கா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பி சில்லென்று இருக்கும். வெளிச்சத்தில் சரித்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடும். பிளாஸ்டிக்கில் ஒரே மினுக்கம்தான்.

எப்படிப் போடுவது? எந்தப் பக்கம் முகம் வரும்?

சேர்ட்டை உடுத்த பிறகு கஃபை மடியுங்கள். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளைக் கூப்புவது போல, உள்பக்கமும் உள்பக்கமும் முகம் பார்த்துச் சேர வேண்டும். சாதாரணக் கஃப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

சேர்த்துப் பிடித்த பிறகு வெளிப்பக்கத்தில் இருந்து லிங்க்கைச் செலுத்துங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் முகம் வெளியே, மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆணி உங்கள் உடம்புப் பக்கம். நாலு ஓட்டையும் தாண்டி ஆணி மறுபக்கம் முழுதாக வந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துத் திருப்புங்கள். மூன்று ஓட்டையில் மாட்டி நாலாவதை விட்டுவிடுவது எல்லாருக்கும் நடப்பது.

வலது கைக்காரர் வலது கைக்கு முதலில் போடுங்கள், கஷ்டமானதை வியர்க்க முதல் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு மணிக்கூடு, அதற்குப் பிறகு கோட். கோட்டுக்குள் கையை விடும்போது கஃபின் ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லிங்க் கோட்டின் உள்துணியில் சிக்கி இழுக்கும். வாடகைக் கோட்டுகளில் உள்துணி கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

கோட்டுக்கு வெளியே கஃப் எவ்வளவு தெரிய வேண்டும்?

கால் அங்குலத்தில் இருந்து அரை அங்குலம். லிங்க் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. கை அசையும்போது தெரிந்து, அடங்கும்போது மறைய வேண்டும்.

வாடகைக் கோட்டில் கை நீளமாக இருப்பது வழமை. கை விரல் வரை வந்து, லிங்க் போட்டதே தெரியாமல் போய்விடும். கோட்டை வெட்ட வேண்டாம். கையின் முனையை உள்ளுக்கு மடித்து, கோட் நிறத்து நூலில் ஓரிரு இடத்தில் நூலோட்டினால் போதும், திருப்பிக் கொடுக்கும்போது இழுத்து எடுத்துவிடலாம். கடையில் கேளுங்கள், செய்து தருவார்கள்.

வேட்டி சால்வையோடு போடலாமா?

தாலி கட்டும்போது வேண்டாம். பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை என்று நிற்கும் மாப்பிள்ளைக்கு அதுவே நிறைவு. ஹோமப் புகையும் நெய்யும் மஞ்சளும் உள்ள இடத்தில் வெள்ளைக் கஃபுக்கும் வேலை இல்லை. மாலை வரவேற்புக்குக் கோட் போடும்போது போடுங்கள். மன்னார், வவுனியாப் பக்கம் தேவாலயத்தில் கல்யாணம் செய்பவர்கள் காலையிலேயே கோட்டில் நிற்பார்கள், அவர்களுக்குக் காலையிலேயே போடலாம். நிக்காஹ்வுக்குக் கோட் போடும் மாப்பிள்ளைமாரும் நிறையப் பேர் கேட்டு வாங்குகிறார்கள். ஆண்கள் தங்கம் அணியாத வழக்கம் என்பதால் அவர்களுக்கு நான் எடுத்து வைப்பது உருக்கும் வெள்ளியும்.

மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் ஒரே மாதிரி லிங்க் போடுவது நல்ல வழக்கம். படத்தில் இருவர் கையும் சேர்ந்து வரும்போது அந்த ஒற்றுமை தெரியும்.

பந்தியில் சாப்பிடும்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டு வழிகாட்டிகளில் பதில் இருக்காது. அவர்கள் முள்ளும் கரண்டியும் பிடிப்பவர்கள். நாங்கள் வாழையிலையில் கையால் சாப்பிடுகிறோம். வெள்ளைக் கஃப் சாம்பாருக்குள் போவதற்கு ஒரு நொடி போதும்.

இருக்க முதல் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போடுங்கள். வலது கை லிங்க்கை மட்டும் கழற்றித் தோழனிடமோ மனைவியிடமோ கொடுங்கள். லோங்ஸ் பைக்குள் போடாதீர்கள், திறப்போடு உரசிக் கீறல் விழும். கோட்டின் உள்பையில் போடலாம், ஆனால் வாடகைக் கோட் என்றால் பையில் ஓட்டை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பிறகு கஃபை விரித்து, முழங்கைக்குக் கீழே வரை இரண்டு மடிப்பு. கை கழுவித் துடைத்த பிறகு கஃபை மறுபடி மடித்துப் பூட்டுங்கள். ஈரக்கையோடு பூட்டினால் வெள்ளைத் துணியில் வளையம் விழும்.

மஞ்சள் கறை பட்டுவிட்டால் பயப்படாதீர்கள். சவர்க்காரம் போட்டதும் அது சிவப்பாக மாறும், கறை கூடிவிட்டது என்று தேய்க்கத் தொடங்காதீர்கள். அலசி நல்ல வெயிலில் போடுங்கள், வெயிலே மஞ்சளை மங்கச் செய்துவிடும். வெயிலுக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

மாமா தந்தது பெரிய கார் படம் போட்டது. போடாவிட்டால் மனவருத்தப்படுவார்.

போடுங்கள். மேடையில் அல்ல, மாமா வீட்டு விருந்தில். அவர் கண்ணில் படும்படி கையை மேசையில் வையுங்கள். படம் பிடிக்கிற அன்றைக்கு வேறு சோடி. பெரியவர்கள் ஆசையாகத் தந்ததை ஒரு தடவையாவது அவர் முன் போட்டுக் காட்டுவது முறை.

நேர்முகப் பரீட்சைக்கு, நீதிமன்றத்துக்கு, பட்டமளிப்புக்கு?

முதல் வேலைக்கான நேர்முகம் என்றால் சாதாரணக் கஃப் போதும். கட்டாயம் போடத்தான் வேண்டும் என்றால் கல்லில்லாத உருக்கு. கேள்வி கேட்பவர் உங்கள் கண்ணைப் பார்க்க வேண்டும், கையை அல்ல.

சட்டத்தரணிகளுக்குக் கறுப்புக் கோட், வெள்ளைச் சேர்ட். வெள்ளி நிறத்தில் சின்ன வட்டம் அல்லது கறுப்புக் கல் நன்றாக இருக்கும்.

பட்டமளிப்பு உடையின் கை அகலமானது, கூரான மூலை உள்ள லிங்க் அதில் கொழுவி இழுக்கும். வட்டமானதைப் போடுங்கள். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியதும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருப்பதும் என் போன்ற கடைகளுக்கு வேலை கொண்டு வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு வாடகைக் காசில் கொஞ்சம் குறைத்தே வாங்குகிறேன். தோட்டம் செய்து, கூலிக்குப் போய்ப் படிப்பித்த தாய் தகப்பன் பக்கத்தில் நின்று படமெடுக்கும் நாள் அது, கஃப் நேராக இருக்க வேண்டும்.

செத்தவீட்டுக்கு?

வேண்டாம்.

பெண்கள் போடலாமா?

தாராளமாக. வங்கியில் வேலை செய்யும் தங்கை ஒருவருக்கு வெள்ளைச் சேர்ட்டுக்கு டபிள் கஃப் தைத்துக் கொடுத்தேன், சிப்பி லிங்க்கோடு அவ்வளவு வடிவு. பெண்கள் கைக்கு மடித்த கஃப் இரண்டரை அங்குலம் போதும். லிங்க்கும் ஒன்றேகால் சென்றிமீற்றர் அளவில் சின்னதாக.

போட்ட இடத்தில் கை அரிக்கிறது. ஏன்?

மலிவான பூச்சுக்குக் கீழே நிக்கல் இருக்கலாம். வியர்வையில் பூச்சுத் தேய்ந்து நிக்கல் தோலைத் தொட்டால் சிலருக்கு அரிக்கும், சிவக்கும். கவரிங் காப்பு, கவரிங் தோடு போட்டாலே புண் வருபவர்கள் என்றால் பெரும்பாலும் அதுதான். நல்ல உருக்கு, வெள்ளி, பட்டு நூல் இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள்.

எப்படித் துடைப்பது, எங்கே வைப்பது?

போட்டுக் கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் வியர்வையைத் துடையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சோழகம் வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் தூசி ஆணியின் மூட்டுக்குள் போய் இறுகும், பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள்.

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். கல் பதிக்காத வெள்ளி என்றால், ஒரு கோப்பையில் அலுமினியத் தாளை விரித்து, லிங்க்கை அதன்மேல் வைத்து, அப்பச்சோடா ஒரு கரண்டி போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் கறுப்பு தாளுக்குப் போய்விடும். றப்பர் வளையத்தால் கட்டி வைக்காதீர்கள், றப்பரிலும் கந்தகம் இருக்கிறது.

சிப்பிக்குத் தேசிக்காயும் புளியும் ஆகவே ஆகாது. வீட்டில் பித்தளை விளக்கைப் புளி போட்டு மினுக்குவது போல இதையும் மினுக்கி, பளபளப்பை இழந்து கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது எங்களுக்குத் தெரிந்ததுதானே, புளிப்பு பட்டால் அது கரையும். ஈரத்துணி போதும். சென்ற் அடிப்பதென்றால் லிங்க் போட முதல் அடித்துவிடுங்கள்.

வைப்பதற்கு மூடியுள்ள சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

மண்டபத்துக்கு வந்த பிறகுதான் லிங்க்கை வீட்டில் விட்டது தெரிந்தது. இனி?

தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு தெறிதான். ஊசியும் நூலும் எப்படியும் ஒரு அம்மாவின் கைப்பையில் இருக்கும். சேர்ட்டின் அடியில் லோங்ஸுக்குள் மறையும் தெறியையும், உள்ளே மேலதிகமாகத் தைத்துவரும் தெறியையும் வெட்டி எடுங்கள். இரட்டை நூலில் ஒரு தெறியைக் கோத்து, கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டு மற்றதையும் கோத்துவிடுங்கள். நாலைந்து தடவை போய் வந்த பிறகு, நடுவில் நிற்கும் நூல்களைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். ஒரு தெறியைச் சரித்து நாலு ஓட்டைக்குள்ளாலும் விட்டு மறுபக்கம் எடுத்தால் பூட்டிவிடும். இன்னொரு கைக்கு இன்னும் இரண்டு தெறி வேண்டும், தோழனின் சேர்ட்டில் இருக்கும். ஐந்து நிமிட வேலை. வெள்ளைச் சேர்ட்டில் வெள்ளைத் தெறி நல்ல அடக்கமாக இருக்கும், மறந்து வந்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஒன்று தொலைந்துவிட்டது. மற்றதை எறிவதா?

எறியாதீர்கள். தட்டாரிடம் கொண்டு போனால் அதே போல ஒன்று செய்து தரலாம். கணவாயின் ஓடு ஒன்றை இரண்டாகப் பிளந்து, நடுவில் பொருளை அமுக்கி அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்க்கும் முறை மிகப் பழையது. வட்டம், சதுரம் போன்ற எளிய வடிவங்கள் அதில் நன்றாக வரும்.

அப்பாவிடம் வெள்ளியில் ஒரு சோடி இருந்தது. வட்ட முகம், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, பின்பக்கம் அசையாத தண்டு. 2009 இல் இடம்பெயர்ந்து கடைசியாக முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் நூல் டப்பாவுக்குள் ஒன்றுதான் இருந்தது. மற்றது எந்த ஊரில், எந்தப் பங்கருக்குள் விழுந்ததோ. வவுனியாவில் கடை போட்டு இரண்டு வருடம் கழித்து அதை ஒரு தட்டாரிடம் கொடுத்துச் சோடி செய்வித்தேன். விளிம்புக் கோட்டை அவர் கையாலேயே கீறினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதியது கொஞ்சம் வெள்ளை கூட, தண்டும் ஒரு நூலளவு தடிப்பு. புதியதை வலது கைக்குப் போடுவேன். பந்தியில் கழற்றிப் பிறர் கையில் கொடுப்பது அதைத்தான். அப்பாவுடையது இடது கையில் இருக்கும், வீட்டுக்கு வரும்வரை கழற்ற மாட்டேன்.